அனி என்று கூப்பிட்ட குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சுதேஷ்ணாவே என்னிடம் இதைச் சொல்லும்போது, "நீங்க நம்பணும்னு சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள்.

கொல்கத்தாவில் பேஹாலாப் பக்கம் அவள் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிர். அந்த வருஷம் துர்கா பூஜை விடுமுறைக்குக் கிளம்பும்போது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து அந்தச் சாவியை வாங்கிக்கொண்டவள், பூட்டைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் அவள் மகள் ரிமி காலணியைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். மற்றதெல்லாம் சுதேஷ்ணா சொன்னது. நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

நேபாளத்தில் பக்தபூருக்குப் போகலாம் என்று பேச்சை எடுத்தவன் அவள் கணவன் அனிமேஷ். பூஜை நாட்களில் ஊரே கொட்டும் மேளமும் பந்தலுமாக இருக்கும்போது அதை விட்டுவிட்டு எங்கே போவது என்று சுதேஷ்ணா மறுத்தாள். ஆனால் அவன் விடவில்லை. பழைய ஊர், மலைக்காற்று, ரிமிக்கு ஒரு மாறுதல் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனான். உண்மையான காரணத்தை அவன் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பர்த்வான் ஆஸ்பத்திரியில் சுதேஷ்ணாவின் அப்பா சாகக் கிடந்தார். போன் மேல் போன் வந்தது. அவளைக் காரில் கூட்டிப்போக வேண்டிய அனிமேஷ் மைதானத்தில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். போனை அணைத்து வைத்திருந்தான். இதோ வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்று அவள் வாசலிலேயே காத்திருந்தாள். இருவரும் பர்த்வான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் நிறுத்தினாள். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து அவனை 'அனி' என்று கூப்பிடுவாள். உலகத்தில் வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. ரிமி அப்பாவைப் பாபா என்பாள்; அதை வைத்து "ரிமியோட பாபா", "இந்தாங்க, கேக்குதா" என்று முந்தைய தலைமுறைப் பெண்கள் மாதிரி ஆக்கிக்கொண்டாள். அவன் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

ஆக, கிளம்பினார்கள். கூட அனிமேஷின் அண்ணன் பரிமளும் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், இவர்களோடேயே இருப்பவர். மூன்று சகோதரர்களில் நடு அண்ணன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் மேஜ்தா. ரிமிக்கு மட்டும் பெரியப்பா. வங்காளி ஊர் சுற்றக் கிளம்பினால் எப்படி இருப்பான் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் மேஜ்தாவைப் பார்த்தால் போதும். அக்டோபர் வெயிலிலேயே குரங்குக் குல்லாய், தோளில் வெந்நீர் பிளாஸ்க், பையில் பொரி, வாயு மாத்திரை, தைலம். ரக்ஸௌலில் ரயிலை விட்டிறங்கி, எல்லை தாண்டி, நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கினார்கள். இந்திய நேரத்தைவிட நேபாளத்தில் கால் மணி நேரம் கூடுதல். மேஜ்தா கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

"கால் மணி நேரத்துக்கு ஒரு நாடு தனியா மணி வச்சிருக்கான் பாரு! என் மணி பேஹாலா மணிதான்."

"அப்ப சோறும் கால் மணி லேட்டாத்தான் போடணும் உங்களுக்கு" என்றாள் சுதேஷ்ணா.

அனிமேஷ் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததாக அவளுக்குத் தோன்றியது.

பக்தபூரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய செங்கல் வீடு. குனிந்தால்தான் நுழைய முடியும் வாசல்கள். ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படிகள். வீட்டுக்காரி ஹேராமாயா முற்றத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கறுப்புச் சேலையில் சிவப்புக் கரை, குறைந்த பேச்சு. அந்த ஊர் வழக்கப்படி சமையலறை எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டுக் கூரையடியில். அதற்குக் கீழே இரண்டு அறைகள்.

சமையலறைப் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. குறுக்கே கனமான கட்டை போட்டிருந்தது.

"அதை மட்டும் திறக்காதீங்க தீதி" என்றாள் ஹேராமாயா, உடைந்த இந்தியில். "முன்ன பக்கத்து வீட்டு மாடிக்குப் போற வழி. நிலநடுக்கத்துல அந்த வீடு விழுந்துடுச்சு. இப்ப அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல."

"செங்கல் வச்சு அடைச்சுடலாமே?" என்றார் மேஜ்தா.

"அடைச்சோம்" என்றாள் அவள். "நிக்கல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

முதல் நாள் நன்றாகவே போனது. அங்கே தசைன் பண்டிகை. வானம் பூராவும் பட்டம். தெருவில் ஆடுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மண்சட்டித் தயிரை வாங்கி வைத்துக்கொண்டு, "நம்ம ஊர் மிஷ்டி தோய்க்கு இது உறை போடக் காணாது" என்று சொல்லிக்கொண்டே மேஜ்தா மூன்று சட்டியைக் காலி செய்தார். ரிமி எண்ணி எண்ணிச் சிரித்தாள். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, காற்றில் பறந்த சுதேஷ்ணாவின் சால்வையை அனிமேஷ் எடுத்துப் போர்த்திவிட்டான். அவள் தட்டிவிடவில்லை.

மறுநாள் மதியம்தான் ஆரம்பித்தது.

சாப்பாடு முடிந்து மேஜ்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரிமியும் தூங்கிவிட்டாள். சுதேஷ்ணா முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹேராமாயா வெயிலில் அவல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே மரப்படிகள் கிறீச்சிட்டன. யாரோ வேகமாக ஏறும் சத்தம். பிறகு, மாடிச் சன்னல் திறந்தது. அனிமேஷ் தலையை நீட்டினான். ஏதோ கேட்க வாயெடுத்தவன், கீழே ஈரத் துணியோடு நிற்கும் சுதேஷ்ணாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

"நீ... கீழயா இருக்க?"

"வேற எங்க இருப்பேன்? அரை மணியா இங்கதான்."

"சமையலறையிலேர்ந்து கூப்பிட்டியே."

"நான் கூப்பிடல."

"அனின்னு கூப்பிட்ட."

துணி அவள் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது.

"நான் கூப்பிடல" என்றாள் மறுபடி.

அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஏமாற்றம். கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் குழந்தையின் முகம்.

"அதானே" என்றான். "நீ எங்க கூப்பிடப் போற."

சன்னல் மூடிக்கொண்டது.

அவள் திரும்பினாள். ஹேராமாயா அவலைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியது வங்காள மொழியில்தான். ஆனாலும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது போலிருந்தது.

"அவர் பதில் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"கூப்பிட்டதுக்கு. பதில் சொன்னாரா?"

"தெரியல. ஏன்?"

ஹேராமாயா அவலை அள்ளிக் கூடையில் போட்டாள். பாதிகூடக் காயவில்லை. எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரிமி தலை வாரிக்கொள்ளும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"மா, மேல நின்னுக்கிட்டு பாபாவை எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்த?"

சீப்பு நின்றது.

"எப்போ?"

"நான் தூங்கும்போது. நான் தூங்கல, சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். அனி... அனின்னு. பாபாவுக்கு அந்தப் பேரு நல்லா இருக்கு மா."

அந்தப் பெயரை அவள் நிறுத்தியபோது ரிமிக்கு ஐந்து வயது. குழந்தைக்கு நினைவிருக்க நியாயமில்லை.

அடுத்த நாள் காலையில் மேஜ்தாவுக்கும் கேட்டது.

அவர் சன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து "மேஜ்தா" என்று குரல். சுதேஷ்ணாவின் குரலேதான். டீ போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று எழுந்தார். "மேஜ்தா" என்று இன்னொரு தடவை. படியில் கால் வைத்தவர் தற்செயலாக அடுத்த அறைக்குள் பார்த்தார். ரிமியை அணைத்தபடி சுதேஷ்ணா தூங்கிக்கொண்டிருந்தாள்.

படியிலிருந்து காலை எடுத்தார்.

மேலே நிசப்தம்.

சற்று நேரம் கழித்து, பலகைத் தரையில்... சரக்... சரக்... யாரோ நடந்து அந்தச் சின்னக் கதவுப் பக்கம் போகிற சத்தம். அதோடு சரி.

பிறகு எல்லோரும் எழுந்து அவலும் தயிரும் சாப்பிட உட்கார்ந்தபோது மேஜ்தா குல்லாயைக் கழற்றிவிட்டார். அவர் குல்லாயைக் கழற்றினால் விஷயம் பெரியது.

"பௌமா" என்றார். தம்பி மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இது நிஷி."

வங்காளத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் குரல் கொடுத்தவன் அதன் பின்னாலேயே போவான். போனவன் போனவன்தான்.

"நிஷின்னா ராத்திரி" என்றான் அனிமேஷ். "இது பட்டப்பகல் மேஜ்தா."

"இந்த ஊர்ல மணியே வேற. அதுக்கு என்ன தெரியும்?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் நிச்சயம். அது ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவது தடவை கூப்பிட அதுக்கு வராது. இனிமே இந்த வீட்ல யாரு கூப்பிட்டாலும் ரெண்டு தடவை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. மூணாவதுக்கு மட்டும்தான் பதில். புரிஞ்சுதா ரிமி?"

ரிமிக்கு ஒரே குஷி. அவளுக்கு அது விளையாட்டு. அன்று முழுக்க "பெரியப்பா, பெரியப்பா, பெரியப்பா" என்று மூன்று மூன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட சுதேஷ்ணாவும் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடக் கூப்பிட அவளுக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிற்று. எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தான் வாய் திறக்கும்போதெல்லாம் மற்றவர்கள் ஒரு நொடி அவள் உதட்டைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். நிஜமாக அவள்தானா என்று பார்க்கிறார்கள்.

அன்றே கிளம்பிவிடலாம் என்றாள். ஆனால் பண்டிகை உச்சத்தில் வண்டி ஓட்ட ஆள் இல்லை. வேறு அறைகளும் காலியில்லை. எப்படியோ பேசி, மறுநாள் பகல் ஒரு ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார் மேஜ்தா.

சாயங்காலம் பொழுது சாயும் நேரம். அனிமேஷ் வாசற்படியில் உட்கார்ந்து பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுதேஷ்ணா வந்து நின்றாள்.

"இன்னைக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

"பதில் சொல்லலையே?"

"இல்ல." கொஞ்சம் பொறுத்து, "பயமா இல்ல, தெரியுமா? கேக்க நல்லாத்தான் இருக்கு. மூணாவது தடவையும் கூப்பிடாதான்னு இருக்கு" என்றான்.

"பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க."

"சரி, நீ கூப்பிடு. ஒரே ஒரு தடவை. எது நீ, எது அதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். வித்தியாசம் கண்டுபிடிச்சுடுவேன்."

அந்தப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இதை அவளே என்னிடம் சொன்னாள். இரண்டு எழுத்து. சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் இரண்டு வருஷத்து வீம்பு. முகத்தை மூடிய துணி கண்முன் வந்தது.

"ஊருக்குப் போய்க் கூப்பிடறேன்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் தலையாட்டினான். அதுவே போதும் என்பது போல.

மறுநாள் காலை ஹேராமாயா எல்லோர் நெற்றியிலும் அரிசியும் தயிரும் குங்குமமும் கலந்து அப்பிவிட்டாள். அந்த ஊர்ப் பண்டிகை ஆசீர்வாதம். அனிமேஷின் நெற்றியில் வைக்கும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் தயங்கியதாக சுதேஷ்ணா சொல்கிறாள். பெட்டிகள் எல்லாம் கீழே இறக்கியாகிவிட்டது. மேஜ்தாவும் ரிமியும் சமையலறைக்கு நேர் கீழே இருந்த அறையில் கடைசிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அனிமேஷ் பிளாஸ்கில் வெந்நீர் நிரப்ப மேலே போனான்.

"சேர்ந்து போலாம், இருங்க" என்றாள் சுதேஷ்ணா.

"வெந்நீருக்கு ஆள் துணையா?" என்று சிரித்தான். "ரெண்டு நிமிஷம்."

ஜீப் வரவில்லை. முனையில் நிற்கிறதா என்று பார்க்க அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் இடிந்த மனை. செங்கல் குவியலும் பூசணிக் கொடியும் படர்ந்து கிடந்தன. குறுக்கே போனால் தெரு முனை. நடந்தாள்.

வெயில் பளீரென்று அடித்தது. எங்கேயோ பிள்ளைகள் பட்டம் அறுந்ததற்குக் கூச்சல் போட்டார்கள். ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

கொடியில் புடவை மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொள்ளக் குனிந்தாள்.

தலைக்கு மேலே...

க்ர்ர்ரீச்...

மரம் மரத்தோடு உரசும் சத்தம்.

நிமிர்ந்து பார்த்தாள்.

மேலே, சுவரில், அந்தச் சின்னக் கதவு திறந்திருந்தது.

அனிமேஷ் குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தான். வாசல் விளிம்பில் கால். கீழே ஒன்றும் இல்லை. காற்றுதான்.

அவன் கீழே பார்க்கவில்லை.

நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் உயரத்துக்கு, எதிரே, நாலடி தூரத்தில் யாரோ நிற்பது போல.

அங்கே யாரும் இல்லை.

அவன் நெற்றியில் குங்குமம் சிவந்து தெரிந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தான். பேசக்கூடாது என்று குழந்தைகள் விளையாட்டில் மூடுவது போல. கண்ணில் சிரிப்பு. எதற்கோ காத்திருந்தான்.

அவள் கத்தினாள்.

எது வாயில் வந்ததோ அதைக் கத்தினாள்.

"அனி...!"

அவன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியைக் கல்யாண நாளன்றுகூட அவள் பார்த்ததில்லை.

"இதோ வர்றேன்" என்றான்.

கால் எடுத்து வைத்தான்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. செங்கல் குவியலில் விழுந்தவனிடம் அவள் ஓடிப்போனபோது மூச்சு இல்லை. போலீஸ் வந்தது. மேலே ஏறிப் பார்த்தார்கள். பிளாஸ்க் நிரப்பி மூடி, அடுப்புப் பக்கத்தில் இருந்தது. கதவின் கட்டை, எடுத்தெறிந்த மாதிரி இல்லாமல், சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வேறு ஏதோ கதவு என்று தவறாகத் திறந்துவிட்டார், பழக்கமில்லாத வீடு, என்று எழுதிக்கொண்டார்கள். பண்டிகை நாளில் உடலை எல்லை தாண்டிக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே ஆற்றங்கரையில் மேஜ்தா கொள்ளி வைத்தார். ஹேராமாயா வந்து தூரத்தில் நின்றாள். கிளம்பும்போது சுதேஷ்ணா அவளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அந்த வீட்ல யார் இருந்தாங்க?"

ஹேராமாயா தலையை ஆட்டினாள். சொல்ல மாட்டேன் என்பதா, தெரியாது என்பதா, அவளுக்கு விளங்கவில்லை.

கொல்கத்தா வந்த பிறகு மேஜ்தா மாறிப்போனார். கேலி இல்லை, பேச்சு இல்லை. சுதேஷ்ணா அறைக்குள் வந்தால் எழுந்து போய்விடுவார். காரியங்கள் முடிந்த கையோடு சிலிகுரியில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினார். தம்பி சாவுக்குத் தன்மேல் பழி போடுகிறார் என்று அவள் நினைத்தாள். வழியனுப்பக்கூட அவள் வாசலுக்கு வரவில்லை.

அவள் பள்ளி ஆசிரியை. வருகை எடுக்கும்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எண்தான். தலைமை ஆசிரியை காரணம் கேட்டபோது, தொண்டை சரியில்லை என்றாள். வீட்டில் ரிமியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்த் தொடுவாள்.

ஆனால் ஒரு ஆறுதல் அவளுக்கு இருந்தது. அவளே என்னிடம் சொன்னாள். அவன் எதன் பின்னால் போனானோ தெரியாது. ஆனால் கடைசியில் அவள் கூப்பிட்டாள். இரண்டு வருஷம் பூட்டி வைத்த பெயரைச் சொல்லிவிட்டாள். அவன் காதில் விழுந்தது, முகம் மலர்ந்தது. தடுக்க முடியாவிட்டாலும் அதையாவது கேட்டுவிட்டுப் போனான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினாள்.

ஜனவரி மாதம். வெல்லமும் தேங்காயும் வைத்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சங்கராந்திக்குச் செய்யாமல் விட்டால் குழந்தை ஏங்கும். ரிமி எதிரே உட்கார்ந்து மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டே இருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"மா, ஒண்ணு சொல்லவா? பெரியப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"சொல்லு."

"அன்னைக்கு... நாங்க பை கட்டிக்கிட்டு இருந்தோம்ல. மேலேர்ந்து உன் குரல் கேட்டுது. அனின்னு."

சுதேஷ்ணாவின் கை நின்றது.

"பெரியப்பா என்னைப் புடிச்சுக்கிட்டார். பேசாதேன்னு கை காட்டினார். பாபாவும் பேசல. அப்புறம் இன்னொரு தடவை கேட்டுது. அனின்னு. பெரியப்பா விரலை மடக்கி எண்ணிக்கிட்டே இருந்தார். ரெண்டு ஆச்சு, இனிமே கூப்பிடாது, பயமில்லன்னு என் காதுல சொன்னார்."

"அப்புறம்?"

"பாபா கரெக்டா விளையாடினார் மா. ரெண்டு தடவையும் பதிலே சொல்லல. கட்டையை எடுக்கற சத்தம் கேட்டுது. கதவு திறந்துது. ஆனா பேசல. காத்துக்கிட்டே இருந்தார்."

ரிமி மாவு ஒட்டிய கையை உயர்த்தினாள். ஒரு விரல். இரண்டு விரல்.

"அப்புறம் கீழேர்ந்து நீ கூப்பிட்ட."

மூன்றாவது விரலை நீட்டினாள்.

"அதுக்கப்புறம்தான் பாபா வர்றேன்னு சொன்னார்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கி வழிந்தது. சுதேஷ்ணா அசையவில்லை. ரிமி அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பாபா உன்கிட்டதானே வந்தார், மா?"